உங்கள் 'உள்ளூர்' கணக்கில் என் ஆயா இருக்கிறாரா?

(சேலத்தில் கல்லூரி மாணவர்களும் இளம் செயற்பாட்டாளர்களும் கூடிய அரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விடுபட்ட சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'வளங்குன்றா வளர்ச்சிக்கு உள்ளூர் முன்முயற்சிகள்'. முனைவர் பட்ட ஆய்வுக்காக ஐந்தாவது வருடமாக இந்தத் தலைப்போடுதான் குடித்தனம் நடத்துகிறேன். ஓர் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஏரியைத் தூர்வாருகிறார்கள். இன்னோர் ஊரில் ரசாயன உரத்தை விடுகிறார்கள். வேறோர் ஊரில் பஞ்சாயத்தே காற்றாலை வாங்குகிறது. இவற்றில் சில பத்து வருடத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போகின்றன. சில நிலைத்து நின்று பக்கத்து ஊரையும் மாற்றுகின்றன. ஏன் என்பதுதான் என் கேள்வி. ஆய்வு செய்யும் இடம் ஏற்காடும் சேர்வராயன் மலைத்தொடரும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து மலைகள்.

இந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு என் ஆயா ஒரு காரணம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் லைன் வீட்டில் பிறந்து, அதே தோட்டத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பழம் பறிப்பு, களை வெட்டு, கவாத்து என்று அந்தச் சரிவுகளில் அவர் கால் படாத இடம் கிடையாது. எந்த ஓடையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பலா மரத்தில் முதலில் காய் இறங்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ஆனால் "எந்த ஊரும்மா நீங்க?" என்று யாராவது கேட்டால், "நாங்க கீழ்நாட்டு ஆளுங்க சாமி" என்பதுதான் பதில். வேலை முடிந்ததும் வீடும் முடிந்தது. லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அதில் குடியிருந்தவர்களுக்கு அல்ல. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம், ஒரு தோட்டத்தின் கதையாக இதை நான் சொல்லவில்லை. மூட்டை முடிச்சோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, தனக்குத் தெரியாத 'சொந்த ஊருக்கு' வந்து சேர்ந்தார்.

பிறந்ததிலிருந்து ஒரு மலையில் வாழ்ந்தவர் அந்த மலைக்கு உள்ளூர் இல்லை என்றால், 'உள்ளூர் முன்முயற்சி' என்று நாம் சொல்லும்போது உள்ளே இருப்பது யார்? இன்றைக்கு நான் பேச நினைப்பது இதைத்தான்.

மலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையின் ஆதிகுடிகள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து வேறு வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதன்பின் வெள்ளைக்காரத் துரைகளின் தோட்டங்கள் பெருகின. தோட்ட வேலைக்குச் சமவெளிச் சேரிகளிலிருந்து எங்கள் ஆட்கள் மலையேறினார்கள். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. தோட்டம் போக மிச்சமிருந்த காட்டில் பெரும்பகுதி 'காப்புக்காடு' ஆனது. தேன் எடுத்த இடம், கிழங்கு தோண்டிய இடம், மாடு மேய்த்த இடம் எல்லாம் ஒரே இரவில் குற்றம் நடக்கும் இடமாகிவிட்டன. பிறகு மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையைத் தோண்டி பாக்சைட் எடுத்தார்கள். இப்போது ரிசார்ட்டுகளின் காலம். வார இறுதியில் மலைப்பாதையில் கார்கள் நகர முடியாமல் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த மலைக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு 'முன்னேற்றம்' வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் தீர்மானித்தவர்கள் கீழேயிருந்து வந்தார்கள். சூழலியலின் பெயரால் இப்போது வரும் முன்னேற்றமும் அப்படியே வந்தால், மலை மக்கள் அதை நம்ப வேண்டிய அவசியம் என்ன?

ஆய்வு நூல்களில், ஒரு சிறு முயற்சி மூன்று திசைகளில் வளரும் என்பார்கள். ஓர் ஊரிலிருந்து பல ஊர்களுக்குப் பரவுவது ஒன்று. சட்டத்தையும் அரசின் கொள்கையையும் மாற்றுகிற அளவுக்கு மேலே போவது இன்னொன்று. மனிதர்களின் மதிப்பீடுகளையும் அவர்களுக்கு இடையிலான உறவையும் மாற்றி ஆழமாக இறங்குவது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மூன்றாவதைத் தமிழ்நாட்டில் பேசுவதென்றால் சாதியைப் பேசியாக வேண்டும். அந்த இடம் வந்ததும் 'மக்கள் பங்கேற்பு', 'ஊர் ஒற்றுமை' என்று மழுப்பிவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

குடிமராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரில் ஏரி, குளம் சீரமைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மக்களே முன்வந்து நீர்நிலையைக் காத்த பொற்காலம் ஒன்று இருந்ததாகப் பல மேடைகளில் கேட்டோம். மராமத்து செய்த 'குடி' யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள், கரையைக் காவல் காத்தவர்கள், சேற்றில் இறங்கியவர்கள் பல ஊர்களில் தலித்துகள். அவர்கள் பாய்ச்சிய தண்ணீர் அடுத்தவர் நிலத்துக்குப் போனது. அந்த வேலை மறுக்க முடியாத கடமையாக, சாதித் தொழிலாக அவர்கள் தலையில் இருந்தது. 1858இல் ஆங்கில அரசு இதற்கு ஒரு சட்டமே போட்டது. அதன் பெயர் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். பெயரிலேயே 'கட்டாயம்' இருக்கிறது. பழைய ஊர் ஏற்பாடுகளை அப்படியே மீட்டால் சூழல் மீளும் என்று சொல்பவர்களிடம், யாருடைய முதுகில் அது நடந்தது என்று கேட்க வேண்டியது நம் வேலை.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப், இந்தியக் கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாகப் போற்றியவர்களைக் கடுமையாக மறுத்தார். அவருக்குக் கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் தேங்கிக் கிடக்கும் இடமாகத்தான் தெரிந்தது. சூழலியல் படிக்க வந்த புதிதில் இந்த உரை எனக்குச் சங்கடமாக இருந்தது. என் துறையே கிராமத்தை நம்பி நிற்கிறதே என்று தோன்றும். இப்போது அதை வேறு மாதிரி வாசிக்கிறேன். கிராமத்தைக் கைவிடச் சொல்லும் உரையாக அது எனக்குத் தெரியவில்லை. கிராமத்துக்கு அதிகாரம் கொடுக்கும்போது, அந்த அதிகாரம் யார் கையில் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லும் உரையாகத் தெரிகிறது.

சரி, உள்ளூர் முயற்சிகள் நிலைக்க எது உதவுகிறது? கேட்டதையும் பார்த்ததையும் வைத்து நான்கு விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, உரிமை. காப்பிச் செடி வைத்தால் பலன் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். மிளகுக் கொடி ஏறுவதற்கு மரம் வளர வேண்டும். பலா இன்னும் தாமதம். நாளைக்கு வனத்துறை வந்து வெளியே போகச் சொல்லுமோ என்ற பயத்தில் இருப்பவர், மண்ணைக் காக்கும் இந்த மாதிரி நீண்டகாலப் பயிரை ஏன் வைக்கப்போகிறார்? அந்தப் பருவத்தில் என்ன கிடைக்குமோ அதை எடுக்கத்தான் பார்ப்பார். இதை அவருடைய அறியாமை என்று எழுதி வைத்திருக்கிற அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். உரிமை இல்லாதவரின் சரியான கணக்கு அது.

வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் 2008இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு, நீதிமன்ற அனுமதியில்லாமல் பட்டா கொடுக்கக் கூடாது என்று கட்டிப்போட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அந்த எட்டு வருடத்தில் மற்ற மாநிலங்கள் எங்கோ போய்விட்டன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு கிராமம். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக வன உரிமை பெற்றார்கள். 2011இல் தங்கள் காட்டு மூங்கிலைத் தாங்களே விற்றார்கள். காடு அழியவில்லை, எதை எப்போது வெட்டலாம் என்று கிராமசபை கூடி முடிவெடுக்கிறது. தனிநபர் பட்டாவோடு நின்றுவிடாமல் சமூக வன உரிமையைக் கேட்க வேண்டும் என்பதற்கு அந்த ஊர் நல்ல சான்று.

உரிமை கேட்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலையாளிப் பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 அரசு ஊழியர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை, பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் அவர்களை விட்டு விலகவில்லை. வாச்சாத்தியைச் சூழலியல் பாடத்தில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். காட்டுக்குள் போக மக்கள் பயப்படுகிற வரை, காட்டைக் காக்கும் எந்த உள்ளூர் முயற்சியும் வனத்துறையின் கூலி வேலையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, அவை. யார் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்? தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று. ஆனால் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளின் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கும் 1996ஆம் வருடத்துப் பெசா சட்டம் ஏற்காட்டுக்குப் பொருந்தாது. இங்கே இருப்பது சாதாரண ஊராட்சிக் கிராமசபை. சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள் ஒரே ஊராட்சியில் வரும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலைப்பாதையில் மணிக்கணக்கில் நடந்து வந்து யார் கையெழுத்துப் போடுவது? வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. குக்கிராம அளவிலேயே சபை கூடலாம். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். நான் பார்த்த வரையில், முயற்சி நிலைப்பதற்கும் சபை மக்கள் நடந்து போகிற தூரத்தில் கூடுவதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

ஆனால் பக்கத்தில் கூடினால் மட்டும் போதாது. இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆய்வின் இரண்டாம் வருடம். ஒரு மலைக் கிராமத்தில், ரசாயனம் இல்லாமல் காப்பி பயிரிடுவது பற்றிக் கூட்டம். சில தன்னார்வலர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள், நானும் உதவிக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் விவரத்தைப் பதிவு செய்யப் படிவம் கொடுத்தோம். பக்கத்துத் தோட்டத்து லைனிலிருந்து நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். அதில் வயதான ஒருவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். முதல் கேள்வி, உங்களுக்கு எத்தனை ஏக்கர் நிலம், சர்வே எண் என்ன. அவர் என் முகத்தைப் பார்த்தார். "நிலம் இல்லன்னா பேரு எழுத மாட்டீங்களா கண்ணு?" என்றார்.

அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான்தான். தலித் வீட்டிலிருந்து வந்து, அம்பேத்கரைப் படித்து, சாதியும் சூழலும் என்று தலைப்பு வைத்து ஆய்வுக்குப் பதிவு செய்தவள். என் ஆயா உயிரோடு இருந்து அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால், முதல் கேள்வியிலேயே என் படிவம் அவரை வெளியே அனுப்பியிருக்கும். மருந்து தெளிக்கும் வேலைக்கு அனுப்பப்படுவதும் அந்த நெடியை மூச்சில் இழுப்பதும் லைன் வீட்டு ஆட்கள். ரசாயனத்தை விடலாமா என்று பேசும் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரி எழுத இடமில்லை. எந்தச் சாதிவெறியரும் அங்கே இல்லை. எல்லோரும் நல்லவர்கள்தான். பங்குதாரர் என்றால் நிலம் வைத்திருப்பவர் என்று எங்கள் எல்லோருக்குள்ளும் இருந்த நினைப்பு அந்த வேலையைச் செய்துவிட்டது.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றது. 1981 திருத்தத்துக்குப் பிறகும் அந்தச் சட்டத்தின்படி 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ நிலமும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் அது தோட்டமாகக் கருதப்பட்டது. அதற்குக் கீழே இருந்தவற்றில் வேலை செய்தவர்களுக்கு அதுவும் இருக்கவில்லை. வன உரிமைச் சட்டத்துக்குள்ளும் அவர்கள் வர முடியாது. பழங்குடியல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, 75 வருடம் காட்டில் வாழ்ந்து காட்டையே நம்பியிருந்ததை நிரூபிக்க வேண்டும். லைன் வீடோ தனியார் பட்டா நிலத்தில் நிற்கிறது. ஆக, காடும் அவர்களுக்கு இல்லை, தோட்டமும் இல்லை.

இதைச் சொல்லும்போது சிலர் உடனே பழங்குடிகளுக்கு எதிராக தலித்துகளை நிறுத்துவார்கள். அந்த வலையில் நாம் விழக் கூடாது. வெளியாள் வந்தால் நிலம் போய்விடும் என்ற பயம் மலையாளி மக்களுக்கு அனுபவத்தில் வந்தது. அவர்களுக்குப் பட்டியலே ஒரு சண்டை. அரசு ஆணைப்படி சேலம், தருமபுரி போன்ற சில மாவட்டங்களில் மட்டும் மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்து மலைகளில் அதே மக்கள் பழங்குடிச் சான்றிதழுக்காக இன்னும் போராடுகிறார்கள். இரண்டு தரப்பின் கோரிக்கையும் வேறு வேறு. ஒருவருக்குக் காடும் நிலமும் வேண்டும். இன்னொருவருக்கு வீட்டுமனையும் நியாயமான கூலியும் வேலையிடப் பாதுகாப்பும் வேண்டும். ஒன்று மற்றொன்றைப் பறிக்காது. இரண்டையும் ஒரே அவையில் வைத்துப் பேச வைப்பதுதான் கடினமான அரசியல் வேலை.

மூன்றாவது, விலை. 100 கிலோ காப்பிப் பழத்தைத் தோலுரித்து, கழுவி, காயவைத்து, உமி நீக்கினால் ஏறத்தாழ 16 கிலோ சுத்தமான கொட்டை வரும். பழமாக விற்பவருக்கு அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. பறித்த பழத்தை வைத்திருக்க முடியாது, புளித்துவிடும். காயவைத்துக் கொடுப்பவர் ஒரு வாரம் காத்திருந்து பேரம் பேசலாம். ஆகவே ஒரு பல்ப்பர் இயந்திரமும் சிமெண்டுக் களமும், பழம் கொண்டுவந்த அன்றே கொஞ்சம் முன்பணமும் ஒரு குக்கிராமத்தின் தலையெழுத்தை மாற்றலாம். பழங்குடிகளுக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களில் இதற்காகத்தான் உருவாக்கப்பட்டன. கடன் கொடுப்பது, விளைபொருளை வாங்குவது, வியாபாரியின் பிடியிலிருந்து விடுவிப்பது. ஏற்காட்டிலும் அப்படியொரு சங்கம் இருக்கிறது. புதிதாக நிறுவனம் தொடங்குவதற்கு முன்னால், மக்களுக்குச் சொந்தமான இந்தச் சங்கங்களின் பொதுக்குழுவுக்குப் போய்க் கணக்குக் கேளுங்கள் என்று இளம் தோழர்களிடம் சொல்வேன்.

'இயற்கைக் காப்பி' என்று பெருநகரத்துக் கடையில் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அந்தக் கூடுதல் விலையில் பழம் பறித்தவரின் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். மண்ணுக்கு நல்லது, பறவைக்கு நல்லது என்று எழுதியிருக்கும். நல்லதுதான். பறித்த கைக்கு?

நான்காவது, காலமும் கைமாற்றலும். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவர் தம்பதி அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே மருத்துவப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். நோய்க்குக் காரணம் தேடிப் போனால் பசியும் கடனும் தெரிந்தன. கடனுக்குக் காரணம் தேடினால் உரமும் பூச்சிமருந்தும். அங்கிருந்து இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் இல்லாத லம்பாடிப் பெண்களும் தங்கள் பாரம்பரியத் துணித்தையலை மீட்டு, தனிச் சங்கமாக எழுந்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வரிசை. சூழலைக் காக்க வாருங்கள் என்று அங்கே யாரும் தொடங்கவில்லை. பிரசவத்தில் தாய் சாகக் கூடாது, குழந்தை சாகக் கூடாது என்று தொடங்கினார்கள். மற்றது அதன்பின் வந்தது. முப்பது வருடம் ஆகியிருக்கிறது. நம்முடைய திட்டங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் மூன்று வருடத்தில் அறிக்கை கேட்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கும் அதே அவசரம்தான்.

இந்த நான்கும் இருந்தாலும் சாதி அப்படியே இருக்க முடியுமா? முடியும். அதனால்தான் குத்தம்பாக்கத்தை எப்போதும் கடைசியில் சொல்வேன். திருவள்ளூர் மாவட்டம். 1996இல் ஊராட்சித் தலைவரானவர் இளங்கோ. தலித், பொறியாளர், மத்திய அரசு ஆய்வு நிறுவன வேலையை விட்டு ஊருக்கு வந்தவர். அதே காலத்தில் மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் தலைவர் வரக் கூடாது என்று தேர்தலையே நடத்த விடவில்லை. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அந்தக் காலத்தில்தான் இளங்கோ, உள்ளூர் மண்ணில் செய்த கற்களைக் கொண்டு இரட்டை வீடுகள் கட்டினார். ஒரே சுவர், ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் தலித்தல்லாத குடும்பம். அப்படி ஐம்பது இரட்டை வீடுகள். செலவு குறைந்த, சூழலுக்கு உகந்த கட்டுமானம் என்று பல அறிக்கைகள் அதைப் பாராட்டும். அந்தப் பொதுச் சுவரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கழிவுநீர் வாய்க்கால் வேலையில் அரசு கொடுத்த வடிவமைப்பிலிருந்து விலகினார் என்று அவரை இடைநீக்கம் செய்தபோது, கிராமசபை அவர் பக்கம் நின்றது. ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் ஒரே அவையிலும் உட்கார முடிந்தது. ஆழமாக இறங்குவது என்று நூல்கள் சொல்வதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

சேலத்தில் பேசிக்கொண்டு சேலத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. மூக்கனேரிக்குத் தண்ணீர் சேர்வராயன் மலையிலிருந்து வருகிறது. திருமணிமுத்தாறு அங்கேதான் பிறக்கிறது. 2010இலிருந்து மூக்கனேரியைக் குடிமக்கள் சேர்ந்து மீட்டது நல்ல வேலை. கல்லூரிக் காலத்தில் நானும் அங்கே மரக்கன்று நட்டிருக்கிறேன். நட்டுவிட்டு மலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் தெரிகிற மலையில் யார் இருக்கிறார்கள், அவர்கள் ஓடையைக் காத்தால்தானே இந்த ஏரிக்குத் தண்ணீர் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, என் ஆயா அங்கே வேலை பார்த்திருந்தும்.

தோழர்களே, நீங்கள் ஏதாவது ஓர் இயக்கத்திலோ குழுவிலோ சேர்வீர்கள். ஏரி, விதை, மலை, பிளாஸ்டிக் என்று ஏதோ ஒன்று. தயவுசெய்து சேருங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று விஷயங்களைப் பாருங்கள். கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது, அந்தத் தெருவுக்குள் வர யாருக்குத் தயக்கம் இருக்கும்? உடல் உழைப்பு யாருடையது, மேடையும் புகைப்படமும் யாருடையது? பணம் வந்தால் நிலமில்லாதவருக்கு அதில் என்ன பங்கு? பதில் பிடிக்கவில்லை என்றால் வெளியேறிவிடாதீர்கள். உள்ளே இருந்து கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். நம் ஆட்கள் வெளியேறிய இடங்களில் எல்லாம் மற்றவர்கள் நிம்மதியாகக் கூட்டம் நடத்துகிறார்கள்.

என் படிவத்தை மாற்றிவிட்டேன். முதல் கேள்வி இப்போது 'இந்த மலையில் என்னென்ன வேலை செய்திருக்கிறீர்கள்?' நிலம் பற்றிய கேள்வி ஏழாவது இடத்துக்குப் போய்விட்டது. மாற்றிய படிவத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைத் தேடிப் போனேன். அவர் லைனில் இல்லை. வேலையிலிருந்து நின்றுவிட்டதாகவும், கீழே மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

லைனில் மிச்சமிருந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தேன். கார்த்திகையில் பழம் பறிப்பு தொடங்கும்போது அங்கே மறுபடியும் கூட்டம் இருக்கிறது. இந்த முறை லைன் வீட்டு வாசலிலேயே வைத்திருக்கிறோம். பக்கத்து மலையாளிக் கிராமத்துப் பெண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள். பேசுவதற்கு ஆள் இருக்கிறது, எழுதிக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.